பதினேழாம் ஓட்டத்தில் விழுந்த சாம்பல்

போன வெள்ளிக்கிழமை மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். டீச்சர் வெள்ளைப் பலகையில் எழுத ஒரு புது மார்க்கர் பேனாவைத் திறந்தார். நான் முன் வரிசையில் இருந்தேன். மூடி கழன்றதும் அந்த வாசனை வந்தது. கொஞ்சம் காரம், கொஞ்சம் இனிப்பு, அடியில் அழுகப்போகிற வாழைப்பழம். பூட்டனால், ஆய்வுக்கூடத்தில் நாம் செய்த ரசாயனம். அந்தப் பேனாவில் உண்மையாகவே பூட்டனால்தான் இருந்ததா, அல்லது அதன் அண்ணன் தம்பி யாராவது இருந்தார்களா, எனக்குத் தெரியாது. மூக்குக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அது நேராக உன்னிடம் போய் நின்றுவிட்டது. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மகளின் கணக்குப் பாடத்தைப் பற்றி டீச்சர் என்ன சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

வெளியே நின்று கைப்பையைத் திறந்து பார்த்தேன். அந்தத் தாள் இருந்தது. மூன்று வாரமாக அங்கேதான் கிடந்தது. எத்தனை முறை பார்த்தாலும் தானாகக் காணாமல் போய்விடுமா என்ன? இப்போதைய மேனேஜர் தயாரித்த அறிக்கை அது. அடியில் என் பெயரை அச்சடித்து, மேலே கையெழுத்துக்குக் கோடு போட்டிருக்கிறார். கையெழுத்துப் போட்டால் புது வினையூக்கியைக் கண்டுபிடித்தவள் நான். இரண்டாம் பக்கத்தில் உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி வருகிறது. முன்பு நடந்த பதினேழாம் சோதனை ஓட்டத்தின் எண்கள், அதைச் செய்தவரின் கவனக்குறைவு காரணமாக, கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஆறு வருடம் அந்த ஆய்வுக்கூடத்தில் நின்ற உனக்கு அந்த ஒரு வரிதான் மிச்சம். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினேழாம் ஓட்டத்தில் சாம்பலைப் போட்டது நான். நீ உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது. இப்போது வேலை நாள் காலை பத்து மணிக்கு வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்து என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். இதுவரை நான்கு தடவை எழுந்து அடுப்படிக்குப் போய் ஒன்றும் செய்யாமல் திரும்பி வந்துவிட்டேன்.

உன்னிடம் எனக்குப் பிடித்தது உன் கோபம். சபாக் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர்களின் அடுத்தடுத்த லயத்து வீடுகளில் வளர்ந்த தோழிகள் நாம். உன் அப்பாவைச் சம்சு என்கிற தோட்டத்துச் சாராயம் குடித்துத் தீர்த்தது. ஊர் பேச்சில் அவர் சம்சுவைக் குடித்தார்; நீ அதை மாற்றிச் சொல்வாய், அது அவரைக் குடித்தது என்று. பல்கலைக்கழகம் போய் வேதியியல் படித்தாய். நான் பாலிடெக்னிக்கோடு நின்றேன். பிறகு புக்கிட் பெலிம்பிங் பக்கம், செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பின்னால் இருந்த அந்தச் சிறிய சோதனைக் கூடத்தில் நீ ஆய்வாளர், நான் டெக்னீஷியன். முதல் எத்தனால் டிரம் லோரியில் வந்து இறங்கிய அன்று நீ அதைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினாய்.

"எங்கப்பன தின்ன பேயி இதுக்குள்ளதான் ஒக்காந்திருக்கு. இனிமே இது எனக்கு வேல செய்யட்டும் லா."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அந்த வேலை என்னவென்று என் மகளுக்கு நான் சொல்வது இப்படித்தான். வயதான செம்பனை மரத்தை மறுநடவுக்காக வெட்டிச் சாய்க்கிறார்கள். அடிமரத்தைப் பிழிந்தால் இனிப்பாகச் சாறு வரும். சாற்றைப் புளிக்க வைத்துக் காய்ச்சினால் எத்தனால். அந்த எத்தனாலை ஆவியாக்கி, கட்டைவிரல் பருமனுள்ள சூடான குழாய்க்குள் அனுப்பினால், உள்ளே இருக்கும் வெள்ளைக் குருணை அதை வேறொன்றாக மாற்றிவிடும். பெயிண்டுக்கும் பசைக்கும் பிளாஸ்டிக்குக்கும் வேண்டிய சாமான்களையெல்லாம் இன்று பெட்ரோலிய எண்ணெய்க் கிணற்றிலிருந்து எடுக்கிறார்கள். அவற்றை மரத்திலிருந்து எடுப்பது. குருணைக்குப் பெயர் வினையூக்கி. நீ அதைக் கல்யாணத் தரகன் என்பாய். இரண்டு எத்தனாலைப் பிடித்துக் கட்டி வைத்தால் ஒரு பூட்டனால். தரகன் வீட்டுக்கு வெறுங்கையோடு போய்விடுவான், அடுத்த கல்யாணத்துக்கு வருவான். "நம்ம தரகன் சோம்பேறி" என்று நீ சொல்லாத நாள் இல்லை. பதினாறு ஓட்டம் ஓட்டினோம். பதினாறிலும் நூறு எத்தனாலில் ஏதோ நாலைந்து பேருக்குத்தான் கல்யாணம்.

குருணையை நீ மூன்று முறை எடை போடுவாய். இரண்டு போதாதா என்று கேட்டால், "மூணாவது ஒன்னோட வாய மூட" என்பாய். சாமி விஷயத்திலும் அப்படித்தான். நான் காலையில் முனியாண்டி கோயில் விபூதியோடு வந்தால், வாசலிலேயே நிறுத்தி நெற்றியைத் துடைக்கச் சொல்வாய். தூசி உள்ளே வரக்கூடாது. ஆயுத பூஜைக்கு ஆலையில் பாய்லருக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பொரி கடலை படைப்பார்கள். நம் கூடத்தின் கதவில் மட்டும் நீ குறுக்கே நிற்பாய். "என் ரியாக்டருக்கு நெத்தி கெடயாது" என்று நீ சொன்னதை ஆலை முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

பதினேழாவது ஓட்டம் அந்த வருடத்து ஆயுத பூஜையன்று வந்தது. தலைமை அலுவலகம் வருடக் கடைசியில் திட்டத்தை மூடிவிடலாம் என்று எழுதியிருந்தது. நீ இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மதியம் டிபன் பாக்ஸைத் திறப்பாய், மூடுவாய். கன்னம் ஒட்டிவிட்டது. எனக்கு வேதியியல் தெரிந்த அளவு கொஞ்சம். பயம் தெரிந்த அளவு நிறைய. அதனால் முதல் நாள் தோட்டத்துக் கோயிலுக்குப் போய் விபூதி வாங்கி வந்து, செய்தித்தாளில் மடித்து, சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

நீ மூன்று முறை எடை போட்டு, எழுதி, குருணையைக் கண்ணாடித் தட்டில் மூடி வைத்துவிட்டு, நைட்ரஜன் சிலிண்டரைப் பார்க்க வெளியே போனாய். ஐந்து நிமிடம் இருக்கும். தட்டின் விளிம்பில் ஒரு கீற்று, அவ்வளவுதான் என் எண்ணம். மூடியை எடுத்துவிட்டு, அவசரத்தில் மடிப்பைக் கோணலாகப் பிரித்துவிட்டேன். பாதி விபூதி குருணை மேலேயே கொட்டிவிட்டது.

ஊதியிருக்கலாம். உன்னைக் கூப்பிட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அரிசியில் உமி பார்ப்பதுபோல் தட்டைச் சுற்றிச் சுற்றி ஆட்டினேன். வெள்ளையோடு வெள்ளை சேர்ந்து ஒன்றும் தெரியாமல் போனது. சாமியே உள்ளே போக வேண்டும் என்று போயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தி அன்று அப்படி ஓடியது. நீ வந்தாய், தட்டை எடுத்தாய், குழாயில் கொட்டினாய். நான்காவது முறை எடை போட்டிருந்தால் கண்டுபிடித்திருப்பாய்.

மறுநாள் ஜி.சி. இயந்திரத்தின் திரையில் நாம் பார்த்ததை நான் விவரிக்க வேண்டியதில்லை. சோதித்த திரவத்தில் எது எவ்வளவு என்று கோடு கோடாக மேலே ஏறிக் காட்டும் இயந்திரம். பூட்டனால் வர வேண்டிய நிமிடத்தில் வழக்கமாக ஒரு சின்ன மேடு வரும். அன்று அது ஏறிக்கொண்டே போனது. இரண்டு மடங்குக்கு மேல். குளிர்ந்த போத்தலைத் திறந்தாய். கூடம் முழுக்க அந்த வாசனை. என் தோளைப் பிடித்து உலுக்கினாய்.

"அடியேய், கல்யாணம் நடந்திருச்சிடி! போயி ஒங்க முனியாண்டிக்கு ஒரு சுருட்டு வாங்கி குடு, போ!"

கிண்டலாகத்தான் சொன்னாய். நான் நிஜமாகவே வாங்கிக் கொடுத்தேன். அன்று மதியம் நீ இரண்டு தட்டு நாசி லெமாக் சோறு சாப்பிட்டாய். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எப்படிச் சொல்வேன்? சொன்னால் அந்த ஓட்டத்தை நீ குப்பையில் போட்டுவிடுவாய். கலப்படம் ஆன ஓட்டம், எண் செல்லாது. மறுபடி நாலைந்து பேர் கல்யாணம், மறுபடி மூடிய டிபன் பாக்ஸ். நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு அது அன்பு என்றுதான் நினைத்தேன், இன்றும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

நீ அந்த எண்ணைத் தலைமை அலுவலகத்துக்குக் கொண்டு போனாய். அவர்கள் கை தட்டினார்கள். திட்டம் மூடப்படவில்லை. மறுபடி செய்து காட்டுங்கள் என்றார்கள், அது நியாயம்தான். பதினெட்டு வந்தது, பழைய எண். பத்தொன்பது, பழைய எண். நீ குழாயை மாற்றினாய், டிரம்மை மாற்றினாய், வெப்பமானியைக் கழற்றி ஐஸிலும் கொதிநீரிலும் வைத்துப் பார்த்தாய். எட்டு மாதம். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன்.

இருபத்தொன்றாம் ஓட்டத்தில் நான் மறுபடி விபூதி போட்டேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். இந்த முறை கோயிலுக்குப் போக நேரமில்லை. கோலச் சிலாங்கூர் கடையில் பாக்கெட் விபூதி, மல்லிகை வாசனையோடு. ஒரு கரண்டி போட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை, எண் இன்னும் கொஞ்சம் இறங்கியதுதான் மிச்சம். அப்போது எனக்கு எவ்வளவு நிம்மதி! அப்படியானால் காரணம் சாம்பல் இல்லை, என் தலையில் பழி இல்லை. அன்று வீட்டுக்கு மோட்டோவில் பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். அந்த நிம்மதியை இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். நான் மாதிரிப் போத்தல் தட்டோடு கதவருகே நின்றேன். உன்னை உட்காரச் சொல்லக்கூட இல்லை. அவர்களில் ஒருவர் மரியாதையாகத்தான் கேட்டார், எண்ணை எங்கேயாவது திருத்தினீர்களா என்று. உன் காது சிவந்தது. உனக்குக் கோபம் வந்தால் காதுதான் முதலில் காட்டும்.

"நான் பாத்தத எழுதுனேன். எழுதுனத பாத்தேன். அதுக்கு மேல எனக்கு தெரியாது" என்றாய்.

என் கையில் போத்தல்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து, கண்ணாலேயே ஒன்றுமில்லை என்று சொன்னாய். நீ எனக்கு ஆறுதல் சொன்னாய்! அந்த வருடம் உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. என்னை வைத்துக்கொண்டார்கள். டெக்னீஷியன் மேல் யாருக்கும் சந்தேகம் வராது, சொன்னதைச் செய்கிறவள்தானே.

நீ செகிஞ்சானில் ஓர் இரும்புச் சாமான் கடையில் பெயிண்டு கலக்கும் மெஷினில் நின்றாய். நான் இரண்டு முறை வந்து பார்த்தேன். இரண்டு முறையும் நீதான் பேசினாய். பெயிண்டு டின்னைக் காட்டி, "இதுல கொஞ்சம் பூட்டனால் இருக்கும், எவனோ எங்கயோ சரியா செஞ்சிருக்கான்" என்றாய். பிறகு டெங்கி வந்தது. ஒன்பது நாள். ஆஸ்பத்திரியில் நான் வந்து நின்றபோது உனக்கு நினைவில்லை.

உன் வருஷ திதிக்கு உன் வீட்டுக்காரர் தோட்டத்துக் கோயிலில் படையல் வைத்தார். நீ சாமி கும்பிடாதவள் என்றாலும் அவர் கும்பிடுகிறவர். பூசாரி எனக்கு விபூதி கொடுத்தபோது, ஏதாவது பேச வேண்டுமே என்று, கடை விபூதியைவிட இது கரடுமுரடாக இருக்கிறதே என்றேன்.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடையில விக்கிறது விபூதியாம்மா? சுண்ணாம்பு மாவுல சென்ட் போட்டு விக்கிறான். இது நம்ம கொட்டாயி மாட்டுச் சாணி. உருட்டி, காயவச்சி, நானே சுட்டு எடுத்தது."

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. இருபத்தொன்றாம் ஓட்டத்தில் நான் போட்டது வெறும் சுண்ணாம்பு மாவு. பதினேழில் விழுந்தது சாணச் சாம்பல். அதில் சுண்ணாம்போடு பாஸ்பரஸ் உண்டு, பொட்டாசியம் உண்டு, இன்னும் என்னென்னவோ உண்டு. எல்லாம் நீ சொல்லிக் கொடுத்ததுதான். எட்டு மாதம் நீ உலகம் முழுக்கத் தேடிய காரணம் என் சட்டைப் பையில் இருந்திருக்கிறது.

யாரிடமும் சொல்லாமல் ஓட்டினேன். சாம்பலை எடை போட்டுச் சேர்த்தேன், மூன்று முறை எடை போட்டேன். மேடு ஏறியது. இரண்டாவது முறையும் ஏறியது, மூன்றாவது முறையும் ஏறியது. நீ இருந்தால் சாம்பல் இல்லாமலும் ஒன்று ஓட்டு என்பாய். ஓட்டினேன். பழைய சோம்பேறித் தரகன். சந்தேகத்துக்கு இடமே இல்லை, உன் பதினேழாம் எண் உண்மை. கடைசிப் புள்ளி வரைக்கும் உண்மை. திரைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷமா துக்கமா என்று கேட்காதே.

மேனேஜரிடம் போனேன். நல்ல மனிதர், ரவாங்கிலிருந்து தினமும் வருகிறவர், உன் காலத்துக்குப் பிறகு வந்தவர். சாணச் சாம்பல் சேர்த்தால் பூட்டனால் கூடுகிறது என்று எண்களைக் காட்டினேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பதினேழாம் ஓட்டத்தைப் பற்றியும் சொன்னேன், பாதிதான் சொன்னேன். அன்றும் கொஞ்சம் சாம்பல் விழுந்திருக்கலாம் என்று. விழுந்திருக்கலாமாம்! யார் கையிலிருந்து என்று சொல்லவில்லை.

"அத ஏன் சிஸ்டர் கிளறணும்? அவங்க போயிட்டாங்க, பாவம். ரிப்போர்ட்டு ஏற்கெனவே ஃபைல்ல இருக்கு. இது ஒங்க ஃபைண்டிங், ஒங்க பேர்லயே போட்டும் லா. நம்ம ஆளு ஒருத்தர் பேரு மேல வந்தா எனக்கும் பெருமதான்."

நான் தலையாட்டினேன். வேண்டாம் என்று ஆட்டவில்லை. அடுத்த நாளே தாள் வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டால் பெயர், பதவி, மகளின் மேல்படிப்பு. உண்மையைச் சொன்னால் ஆய்வில் கலப்படம் செய்து மறைத்தவள். அந்தத் தொழிலில் அதற்கு மேல் கெட்ட பெயர் கிடையாது. மூன்று வாரம் பையில் சுமந்தேன். சாப்பிடும்போது பை நாற்காலியில், குளிக்கும்போது பை கதவுக்கு வெளியே. அப்புறம் அந்த மார்க்கர் பேனா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சபாக் கிளம்பினேன். செகிஞ்சானில் அறுவடை நேரம். நெல் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனேன். ஒவ்வொரு லோரியையும் உன் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டு வருவாரோ, வீட்டில் இல்லாமல் போய்விட்டால் நல்லதோ என்று பார்த்துக்கொண்டே போனேன். அவர் வீட்டில்தான் இருந்தார். லோரிக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை கழுவி, தேத்தண்ணி கலக்கிக் கொண்டு வந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். மடிப்பு, கொட்டியது, தட்டை ஆட்டியது, பாக்கெட் விபூதி, மூன்று பேர் வந்த நாள். அவர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களுக்கு ஒன்னு தெரியுமா தங்கச்சி?" என்றார் கடைசியில். "வேலய விட்டு வந்தப்புறம் கொழம்புக்கு உப்பு போடக்கூட என்னதான் கூப்புடுவா. 'நீங்க போடுங்க, என் கை சரியில்ல'ம்பா. மூணு தடவ எட போடுற பொம்பள அவ. தன் கைய தானே நம்பாமதான் செத்தா."

நீ வேலை போன துக்கத்தில் இருந்தாய் என்றுதான் நினைத்திருந்தேன். இது எனக்குத் தெரியாது.

"ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"பயம்ணே." அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அவ ஒரே ஒரு தடவ என்ன கேட்டிருந்தா, நான் சொல்லிருப்பேன்."

அவர் எழுந்து உள்ளே போனார். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தோடு வந்து, கடைசிப் பக்கங்களைத் திருப்பி என் முன்னால் வைத்தார். "படிங்க" என்றார்.

உன் கையெழுத்து. வேலை போன பிறகு வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். பதினேழாம் ஓட்டத்தில் எது மாறியிருக்கும் என்று ஒவ்வொன்றாக. எத்தனால் டிரம், தண்ணீர், நைட்ரஜன், மழைக்கால ஈரம், வெப்பமானி, ஜி.சி. ஒவ்வொன்றையும் யோசித்து, ஏன் அது காரணமில்லை என்று பக்கத்தில் எழுதி, கோடு போட்டு அடித்திருக்கிறாய். அடுத்து என் பெயர். அதற்கு எதிரே தமிழில் ஒரு வரி: "இவளைக் கேட்க வேண்டியதில்லை. ஏதாவது நடந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள்." அதற்குக் கீழே, பட்டியலின் கடைசியில், "என் கை" என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் அடிக்கவில்லை, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறாய்.

நான் தலை நிமிரவில்லை. உன் வீட்டுக்காரர் சத்தம் போட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"என்னால மன்னிப்பெல்லாம் சொல்ல முடியாது, தங்கச்சி. எழுதி குடுங்க. அவ பேர சரி பண்ணி குடுங்க, அது போதும்" என்றார். "இத நீங்களே எடுத்துட்டுப் போங்க. என்னால பாக்க முடியல."

திங்கட்கிழமை மேனேஜரின் தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். நானே எழுதிய தாளைக் கூட வைத்தேன். ஒரு பக்கம்தான். பதினேழாம் ஓட்டத்தின் எண்கள் சரியானவை. அதைச் செய்தவர் ஒரு தவறும் செய்யவில்லை. குருணையில் சாம்பலைக் கொட்டியதும், அதைச் சொல்லாமல் மறைத்ததும் நான். பிறகு நாள், நேரம், தட்டு, அளவு. அவர் படித்து முடித்து என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஏமாற்றம் இருந்தது. "யோசிச்சுதான் குடுக்குறீங்களா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த நாள் கடிதம் வந்தது, விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று. இன்று காலை அவரே போன் செய்தார். உன்னைப் பற்றிய வரியை எடுத்துவிட்டார்களாம். கண்டுபிடிப்பு பதினேழாம் ஓட்டத்தின் நாளிலிருந்து, உன் பெயரில் பதிவாகுமாம். என்னைப் பற்றி இன்னும் முடிவு இல்லை. உன் வீட்டுக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். சரி என்று ஒரு வார்த்தை பதில் வந்தது.

நோட்டுப் புத்தகம் இப்போது இங்கே மேசை மேல் இருக்கிறது. அதில் எழுத எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் ஒன்று செய்தேன். "என் கை" என்ற வார்த்தைகளின் மேல், மற்றதையெல்லாம் நீ அடித்ததுபோலவே, ஒரு கோடு போட்டு அடித்தேன். உன் கை சரியாகத்தான் இருந்ததுடி. முதல் நாளிலிருந்து சரியாகத்தான் இருந்தது. அதற்கு மேலே என் பெயருக்கு எதிரே இருக்கும் வரியையும் அடிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அது பொய்யாகிப் போன வரி. ஆனாலும் என்னைப் பற்றி இதுவரை யாரும் அவ்வளவு நல்லதாக எழுதியதில்லை. அதை அப்படியே விட்டுவிட்டேன்.